மொய் நோட்டில் ஏறாத உறவு

சனிக்கிழமை மாலை ஐந்து மணியைத் தாண்டிவிட்டால் மதுரைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சாயலில் செய்திகள் வந்து விழும். "மாப்ள, தப்பா நினைக்காத, இன்னைக்கு வர முடியாது போல." "வீட்ல ஒரு சோலி வந்துருச்சு." "நீங்க போங்கடா, அடுத்த தடவ கண்டிப்பா வர்றேன்." பத்து நாள் பேசி, நாள் குறித்து, இடம் குறித்து, ஆறு பேரும் கட்டைவிரலை உயர்த்திச் சம்மதம் சொன்ன சந்திப்பு அரை மணி நேரத்தில் கலைந்துவிடும். அந்த ஆறு பேரில் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறியவர், பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகுதான் போனை எடுத்துப் பார்ப்பார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முடியவில்லை என்று செய்தி அனுப்பியவர்களைத் தேடிப் பாருங்கள். ஒருவர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழாவில் மொய் எழுத வரிசையில் நிற்பார். இன்னொருவர் மேலூரை ஒட்டிய ஊரில் ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்பியிருப்பார். மூன்றாமவர் சோழவந்தானில் கிரகப்பிரவேசப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் அலுப்பு உண்டு, வெயில் உண்டு, செலவு உண்டு. ஆனால் அங்கே யாரும் கடைசி நிமிடத்தில் கழன்றுகொள்வதில்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்லில் நிற்கத் தெரியவில்லை' என்ற புலம்பலை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது பாதி உண்மை. நிற்க வேண்டிய இடம் என்று நினைக்கிற இடத்தில் எல்லா வயதினரும் நிற்கத்தான் செய்கிறார்கள். நிற்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் நழுவுகிறார்கள். அப்படி நழுவும் இடம் பெரும்பாலும் நட்பாகவே இருக்கிறது. இதை வெறும் நாகரிகக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. இதற்குள் ஒரு சமூகக் கணக்கு இருக்கிறது.

எழுதி வைக்கப்படும் வருகை

மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் ஒரு விசேஷத்துக்குப் போவது என்பது எழுதி வைக்கப்படும் செயல். பந்தலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர், வருபவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுவார். இப்போது பல ஊர்களில் நோட்டின் இடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பணம் கொடுத்தால் ரசீதுபோல அச்சடித்த சீட்டு கையில் வரும். நாளைக்கு அவர் வீட்டில் ஒரு தேவை வந்தால் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, செய்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பகுதிகளில் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய் விருந்து வைப்பார்கள். மதுரைப் பக்கம் அது காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம் எல்லாவற்றோடும் கலந்தே நடக்கிறது.

இந்த ஏற்பாட்டில் மூன்று பூட்டுகள் இருக்கின்றன. வந்தது எழுத்தில் பதிகிறது. வந்ததை ஊர் பார்க்கிறது. வராதது திரும்பி வந்து கேட்கிறது. தாய்மாமன் சீரோடு வரவில்லை என்றால் காது குத்துகிற நேரமே தள்ளிப்போகும். "உங்க வீட்லருந்து யாரையும் காணோமே" என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதாலேயே, காய்ச்சலோடு கிளம்பிப் போகிறவர்கள் உண்டு.

சாவுக்குப் போவதில் விதி இன்னும் கண்டிப்பானது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த நியாயம். கல்யாணத்துக்குப் போகாதவரை மன்னித்துவிடும் ஊர், கேதத்துக்குப் போகாதவரைப் பல ஆண்டுகளுக்கு நினைவில் வைத்திருக்கும்.

இதையெல்லாம் பண்பாட்டுப் பெருமை என்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். நகையை அடகு வைத்து மொய் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. திருப்பிச் செய்ய முடியாமல் உறவே முறிந்த வீடுகள் இருக்கின்றன. சொன்ன சொல் இங்கே காப்பாற்றப்படுவதற்குக் காரணம் மனிதர்களின் குணம் என்பதைவிட ஏற்பாட்டின் இறுக்கம் என்பதே சரி. நண்பர்களோடு தெப்பக்குளக் கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பதற்கு நோட்டும் இல்லை, சாட்சியும் இல்லை, கேள்வியும் இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் காதுகுத்துக்கு ஏதாவது இடைஞ்சல் வந்தால், முதலில் வெட்டுப்படுவது சனிக்கிழமை நட்பு.

ரத்து செய்யவே ஒரு பயணம்

நட்பு எப்போதும் இப்படி நோட்டில் ஏறாமல்தான் இருந்தது. ஆனால் முன்பு ரத்து செய்வது கடினமாக இருந்தது. வருவதைவிட, வரவில்லை என்று சொல்வதற்கு அதிகப் பாடுபட வேண்டிய காலம் ஒன்று இருந்தது.

மதுரையின் தங்கம் தியேட்டர் 1952-இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்டது. ஆசியாவின் பெரிய திரையரங்குகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. அதன் வாசலில் மேட்னி காட்சிக்கு நண்பர்கள் சேர்வது மதுரைக்காரர்களின் வழக்கமாக இருந்தது. ஒருவர் முன்னால் போய்க் கூட்டத்தில் முண்டி டிக்கெட் எடுத்து வைத்திருப்பார். மற்றவர் வராவிட்டால் டிக்கெட் வீண். அவருக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்றால் தியேட்டர் வாசலுக்கே போக வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு படத்தையும் பார்த்துவிட்டு வருவதே லாபம்! ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசகசாலை. பொழுது சாய்ந்தால் அதே கட்டடம் ரீகல் தியேட்டர். நண்பர் தாமதமாக வந்தாலும் பத்திரிகை புரட்டிக்கொண்டு காத்திருக்கலாம். காத்திருப்பதற்கு ஊரில் இடம் இருந்தது. அதற்குக் காசும் கேட்கவில்லை.

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. தொடக்கத்தில் வருகிற அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 2003-இல்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன் பிறகும் பல ஆண்டுகள் காசை மிச்சம் பிடிக்க மிஸ்டு கால் கொடுத்தே பேசினோம். ஒரு மணி அடித்தால் கிளம்பிவிட்டேன், இரண்டு மணி அடித்தால் வந்து நிற்கிறேன். அந்தச் சங்கேதத்தில் வருகையைச் சொல்ல வழி இருந்தது. வராமையை விளக்க வழி இல்லை. காரணம் சொல்ல வேண்டுமென்றால் காசு கொடுத்து, குரல் கொடுத்துப் பேசியாக வேண்டும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தைத் தண்ணீர் விலைக்குக் கொண்டுவந்தது. 2009-இல் பிறந்த வாட்ஸ்அப் நம் ஊரின் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பொதுத் திண்ணை ஆனது. அதோடு மூன்று மாற்றங்கள் சேர்ந்து நடந்தன. முதலாவது, ரத்து செய்வதற்கான செலவு பூஜ்யம் ஆனது. இரண்டாவது, எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டிய அவசியமும் குரல் இறங்குவதைக் கேட்க வேண்டிய அவசியமும் போயின. மூன்றாவது மாற்றம் பெரிதாகக் கவனிக்கப்படாதது. குழுவில் செய்தி போட்டால், யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்துச் சொன்ன ஒரு வரி, உண்மையில் ஒருவருக்கும் சொல்லப்படாத வரி. முதல் ஆள் விலகியதும் இரண்டாம் ஆளுக்குத் தைரியம் வருகிறது. மூன்றாம் ஆளுக்குக் காரணமே தேவைப்படுவதில்லை: "அப்ப இன்னொரு நாள் வச்சுக்குவோம்."

செலவு பூஜ்யம் என்றேன். அனுப்புகிறவருக்குத்தான் பூஜ்யம். பெறுகிறவர் ஏற்கெனவே அன்றைய வேலையை முந்தின நாளே முடித்திருப்பார். கடையில் விடுப்பு சொல்லியிருப்பார். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டிருப்பார். இன்னொரு அழைப்பை மறுத்திருப்பார். அந்தச் செலவு எங்கேயும் மறைந்துவிடவில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாறியிருக்கிறது.

அடுத்த வாரம் என்னும் மாயை

அப்படியானால் வர விருப்பமில்லாமலே "வர்றேன்" என்று சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. சொல்லும்போது உண்மையாகவே வர நினைக்கிறார்கள்.

கால் ஜாபர்மன், ஜான் லிஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பணத்தைப் பொறுத்தவரை, இன்றைக்கு இருக்கும் நெருக்கடியே அடுத்த மாதமும் இருக்கும் என்று மனிதர்கள் ஓரளவு சரியாகவே கணிக்கிறார்கள். நேரத்தைப் பொறுத்தவரை அந்தத் தெளிவு இல்லை. இன்றைக்கு மூச்சுவிட நேரமில்லாதவரும், வரும் வாரங்களில் தனக்கு ஓய்வு கிடைத்துவிடும் என்று நம்புகிறார். அதனால் தொலைவில் இருக்கும் நாளுக்குச் சுலபமாகச் சம்மதிக்கிறார். நாள் வந்து நிற்கும்போது அதுவும் இன்றைக்கு மாதிரியே நெருக்கடியான நாளாக இருக்கிறது. யாகோவ் ட்ரோப், நிரா லிபர்மன் என்ற உளவியலாளர்கள் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். தூரத்தில் இருக்கும் நிகழ்வின் இனிமை கண்ணுக்குப் படுகிறது. பக்கத்தில் வந்ததும் அதன் இடைஞ்சல்கள் கண்ணுக்குப் படுகின்றன. பத்து நாளுக்கு முன் 'பசங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு' என்று தோன்றிய சந்திப்பு, அன்று மாலை 'கோரிப்பாளையம் டிராபிக்கைத் தாண்டிப் போகணுமே' என்று மாறிவிடுகிறது.

மறுப்பதில் இன்னொரு தப்புக் கணக்கும் இருக்கிறது. முதலிலேயே முடியாது என்று சொன்னால் நண்பர் வருத்தப்படுவார் என்று பயந்து தலையாட்டுகிறோம். ஜூலியன் கிவி, காலீன் கிர்க் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அழைப்பை மறுப்பவர்கள் தாங்கள் ஏற்படுத்தும் மனத்தாங்கலை மிகையாக எண்ணிக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். அழைத்தவர் அவ்வளவு தூரம் வருந்துவதில்லை. காலத்தோடு சொன்ன மறுப்பு லேசானது. அதைச் சொல்லப் பயந்துதான் கடைசி நேரத்தில் கனமான ரத்தைக் கொண்டுபோய் நண்பரின் தலையில் இறக்குகிறோம்.

எல்லா ரத்தும் ஒன்றல்ல

இந்த இடத்தில் நியாயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசி நேரத்தில் விலகுகிற எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

மாசி வீதிகளின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை பார்ப்பவருக்கு நாளை விடுப்பு உண்டா என்பது முகூர்த்தக் கூட்டத்தைப் பொறுத்தது. பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவருக்குச் சனிக்கிழமை இரவுதான் நாலு காசு பார்க்கும் நேரம். நண்பர்கள் ஒன்றுகூடும் நேரமே அவருடைய அறுவடை நேரம் என்றால் அவர் எப்படி வருவார்? தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஊர் தூங்காமல் இருக்க வேண்டுமென்றால் சிலர் தூங்காமல் வேலை பார்க்க வேண்டும்.

பெண்களின் நிலை தனிக்கதை. கல்லூரித் தோழிகள் நால்வர் சந்திக்கத் திட்டமிட்டால் அது நான்கு பேரின் முடிவு ஆகாது. நான்கு வீடுகளின் முடிவு. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, கணவருக்குத் திடீர் வெளியூர்ப் பயணம் என்று எதுவும் அந்தச் சந்திப்பைக் கவிழ்த்துவிடும். வர முடியாத தோழி சொல்லும் காரணம் சாக்கு இல்லை. வீட்டின் வேலைப் பங்கீடு அவர் வாயால் பேசுகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது, செக்கானூரணியிலோ வாடிப்பட்டியிலோ இருக்கும் பெண்ணுக்கு டவுனுக்கு வரும் செலவைக் குறைத்திருக்கிறது. பஸ் இலவசமாயிற்று, சந்திப்புக்கு வேண்டிய இரண்டு மணி நேரத்துக்கு அடுப்படியிலிருந்து விடுதலை இன்னும் வரவில்லை. நண்பர்கூட்டம் அரட்டை அடிக்க ஆண்களுக்கு டீக்கடைப் பெஞ்சு எப்போதும் இருந்தது. பெண்களுக்கு அப்படி ஓர் இடத்தை இந்த ஊர் அமைத்துக் கொடுக்கவே இல்லை.

யாரும் வெளியில் சொல்லாத காரணம் பணம். முன்பு சந்திப்பு என்றால் தெப்பக்குளக் கைப்பிடிச் சுவர், தமுக்கம் பக்கம் ஒரு நடை, விளக்குத்தூண் அருகில் ஒரு ஜிகர்தண்டா, பேச்சு முடியாவிட்டால் ராத்திரி இட்லிக்கடை. இப்போது சந்திப்பு என்றால் ஏசி உணவகம், மால், பிறகு பங்கிட வேண்டிய பில். மாதக் கடைசியில் கையில் ஐந்நூறு ரூபாய் மட்டும் வைத்திருப்பவர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "தலைவலி மாப்ள" என்று எழுதுகிறார். குழுவில் யார் சம்பளம் அதிகமோ அவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். யார் சம்பளம் குறைவோ அவருக்கு அடிக்கடி தலைவலி வருகிறது. இந்த ரத்துக்கு ரத்து செய்தவரைவிட இடத்தைத் தேர்ந்தெடுத்தவரே பொறுப்பு.

மனம் சோர்ந்துபோய் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் ஒதுங்குகிறவர்களும் உண்டு. தொடர்ந்து விலகிக்கொண்டே இருக்கும் நண்பரைக் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன், ஒருமுறை அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

இவர்களையெல்லாம் கழித்த பிறகும் பெரிய கூட்டம் ஒன்று மிஞ்சும். வர முடியும், நேரமும் இருக்கிறது, சோபாவை விட்டு எழத்தான் மனமில்லை. இந்தக் கட்டுரையின் வழக்கு அவர்களோடுதான்.

நட்பு தேய்ந்தால் மிஞ்சுவது யார்?

கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அறிமுகமானவர் ஓரளவு பழகியவராக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்றும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றும் மதிப்பிட்டது. அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒருமுறை மூன்று மணி நேரம் சந்தித்தால் ஆண்டுக்கு 36 மணி. 200-ஐத் தொட ஐந்தரை ஆண்டு ஆகும். அதில் பாதிச் சந்திப்புகள் ரத்தானால் பதினோரு ஆண்டு. நடுவயதில் ஒருவருக்குப் புதிய நெருங்கிய நண்பர் கிடைப்பது ஏன் அபூர்வமாகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

நட்பு மெலிந்தால் என்ன, சொந்தபந்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மொய் நோட்டில் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே சாதிக்குள், ஒரே கொடிவழிக்குள், பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் அடங்கும் பெயர்கள். நம் சமூகத்தில் ஒருவர் பிறந்த வட்டத்தைத் தாண்டி இன்னொருவரோடு தோளில் கை போட்டுக்கொள்ளும் இடங்கள் குறைவு. கல்லூரி விடுதி, வேலை பார்க்கும் இடம், டீக்கடை, நற்பணி மன்றம், கிரிக்கெட் மைதானம். அங்கே கிடைத்த நண்பர் சாதியைக் கடந்தவர், மதத்தைக் கடந்தவர், பல சமயம் வர்க்கத்தையும் கடந்தவர். அவருக்குக் கொடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர் வீட்டுத் தேவைக்காகவோ சோம்பலுக்காகவோ பறிபோனால், பத்து ஆண்டுகளில் நம்மைச் சுற்றி நம் ஆட்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். யாரும் திட்டமிட்டு இதைச் செய்வதில்லை. "இன்னொரு நாள் பாப்போம்" என்ற வரியே இதைச் செய்து முடித்துவிடும். சாதிப் பெயரைக் கயிற்றின் நிறமாகக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும் மாணவர்களைப் பற்றி நாம் கவலைப்படும் இந்தக் காலத்தில், பெரியவர்களின் நட்பு வட்டம் சுருங்குவதைச் சொந்த விஷயம் என்று ஒதுக்க முடியாது.

மதுரைக்கு இது புதிய பாடம் அல்ல. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர், ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கதவு மூடியிருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்த நேரம். அன்று வராமல் இருப்பதற்கு அவர்கள் ஒவ்வொருவரிடமும் நம்மிடம் இருப்பதைவிட நியாயமான காரணங்கள் இருந்திருக்கும். வந்தார்கள். பிறப்பால் சேராதவர்கள் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்ய, கொள்கைக்கு நிகராக, நாளும் நேரமும் தவறாத ஆட்களும் வேண்டும்.

சங்க காலத்துக்குப் போனாலும் இந்த மண்ணிலேயே ஓர் ஆளைக் காணலாம். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த புலவர். அவருடைய நண்பர் கோப்பெருஞ்சோழனோ உறையூரில் இருந்து ஆண்டவர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தை வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்றார். சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. செல்வம் இருந்த காலத்தில் வராமல் இருந்திருக்கலாம், துன்பக் காலத்தில் வராமல் இருக்க மாட்டார் என்பது சோழனின் உறுதி. புலவர் வந்தார், உடன் உயிர்விட்டார். புறநானூற்றில் இருக்கும் இந்தக் கதையை எல்லை தாண்டிய நட்புக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதில் ஒரு செய்தியைக் கவனிக்காமல் விடுகிறோம். சோழன் நண்பருக்குச் சலுகையும் கொடுக்கிறார், எல்லையும் போடுகிறார். நல்ல காலத்து வராமையை மன்னிக்கிறார். கெட்ட காலத்து வராமைக்கு இடமே கொடுக்கவில்லை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று உசிலம்பட்டிக் கிழவி சொல்வதும் இதே நியாயம்தான். அந்த நியாயத்தைச் சொந்தங்களுக்குக் கொடுத்துவிட்டு, நண்பர்களுக்கு மறுத்துவிட்டோம்.

என்ன செய்யலாம்?

நட்புக்கும் ஒரு நோட்டுப் போட்டுவிடலாமா என்றால், வேண்டாம். கணக்குப் பார்க்காமல் இருப்பதால்தான் அது நட்பு. வராதவருக்கு அபராதம் என்று குழுவில் விளையாட்டாகத் தொடங்கிய பல ஏற்பாடுகள் மனக்கசப்பில் முடிகின்றன. பூட்டுப் போடாமலே சொல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

முதல் வழி, காலத்தைக் கணக்கில் எடுப்பது. ரயில் டிக்கெட்டை எத்தனை நாள் முன்னால் ரத்து செய்கிறோமோ அவ்வளவு குறைவாகப் பிடிப்பார்கள். நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். வண்டி புறப்படச் சில மணி நேரமே இருந்தால் ஒன்றும் திரும்பாது. காலியாகும் இருக்கை இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் இந்த விதியின் நியாயம். நண்பர் ஒதுக்கி வைத்த மாலைப் பொழுதும் அப்படி ஓர் இருக்கை. புதன்கிழமை சொன்னால் அவர் அதை வேறெதற்காவது பயன்படுத்திக்கொள்வார். சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சொன்னால் அது வீண்.

இரண்டாவது, விலகுவதாக இருந்தால் குழுவில் எழுதாமல் கூப்பிட்டுச் சொல்வது. யார் வீட்டிலிருந்து அதிகத் தூரம் வருகிறாரோ, யார் இந்தச் சந்திப்பை முன்னின்று கூட்டினாரோ, அவரை. பேசும்போது பொய்க்காரணம் தொண்டையில் சிக்கும். உண்மைக் காரணத்துக்கு எதிர்முனையில் ஆறுதல் கிடைக்கும். கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்றால், அந்தக் காரணம் விலகுவதற்குப் போதாது என்று பொருள்.

மூன்றாவது, ரத்து செய்பவரே அடுத்த நாளைக் குறித்துக் கொடுப்பது. 'இன்னொரு நாள்' என்பது நாள்காட்டியில் இல்லாத நாள். 'அடுத்த புதன், ஏழு மணி, நானே அங்க வர்றேன்' என்று சொல்லும்போது, நட்டத்தில் பாதியை அவர் ஏற்றுக்கொள்கிறார்.

நான்காவது, அழைப்பவருக்கு. செலவில்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குழந்தையோடு வரலாம் என்று தோழியிடம் சொல்லுங்கள். கடை அடைத்த பிறகு வருகிறவருக்காக ஒன்பதரை மணிக்குச் சந்தியுங்கள். அந்நேரத்துக்கும் சூடாக இட்லி கிடைக்கும் ஊர் இது. ஆறு பேரைக் கூட்டி ஆறு பேரையும் இழப்பதைவிட இரண்டு பேரைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் பார்ப்பது மேல். பெரிய குழுவில் யாருடைய வராமையும் பெரிதாகத் தெரியாது. இரண்டு பேர் சந்திப்பில் ஒருவர் வராவிட்டால் சந்திப்பே இல்லை. அந்தப் பொறுப்பே ஆளைக் கிளப்பிவிடும்.

மதுரையின் மிகப் பெரிய திருவிழாவான சித்திரைத் திருவிழாவை மக்கள் ஒரு தாமதத்தின் கதையாகத்தான் சொல்கிறார்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அழகர், வைகைக்கு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார். புராணம், அவர் மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வருகிறார் என்கிறது. வரலாறு, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தனித்தனியாக நடந்த இரண்டு விழாக்களை ஒன்றாக இணைத்தார் என்கிறது. மக்கள் தங்களுக்குப் பிடித்த கதையை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கதையில் அழகர் ஏன் தாமதமாகிறார் என்று ஒரு மதுரைக்காரரும் குறைபட்டுக்கொள்வதில்லை. அழகர் மலையிலிருந்து ஆறு வரை நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று, கூப்பிட்ட எல்லோருக்கும் முகம் காட்டிவிட்டு வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மதுரை மக்கள் அவர் வந்து சேரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. எதிர்கொண்டு போய் அழைக்கிறார்கள். அதற்கு எதிர்சேவை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

தாமதத்தை மன்னிக்கவும், வருகிறவரை நடுவழி வரை போய் அழைக்கவும் தெரிந்த ஊர், நண்பர்களுக்கு அந்தப் பெருந்தன்மையைக் காட்டுவது கடினமில்லை. பத்து மணிக்கு வந்தாலும் வரட்டும், பாதித் தூரம் நாமே போவோம். அதற்கு ஈடாக நண்பரிடம் ஒன்றைத்தான் கேட்க வேண்டும்: வருவதாக இருந்தால் வரட்டும், வர முடியாது என்றால் நாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னால் வாய்விட்டுச் சொல்லட்டும். சொந்தக்காரர்கள் நம்மைப் பிறப்பால் பெற்றார்கள். அவர்களுக்கு நாம் வராமல் இருக்க முடியாது. நண்பர்களை நாமே தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கொடுத்த சொல், கட்டாயத்தில் கொடுத்த சொல்லைவிட ஒரு படி கீழே போவதற்கு எந்த நியாயமும் இல்லை.